காபிக்காக வேகம் குறைத்த ப்ரேபன்

டென்மார்க்கின் ஹோப்ரோ ஊரில் ப்ரேபன் க்விஸ்ட்டிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளாதவர்கள் குறைவு. அந்தக் குறைவான பேரில் அவருடைய மனைவி போடிலும் ஒருத்தி. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு பாடம் நடந்ததாம். பாதி வழியில் வண்டியை ஓரங்கட்டி, சாவியை அவர் மடியில் போட்டுவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டாள். மறுவாரமே தெருக்கோடியில் இருந்த போட்டிப் பள்ளியில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கினாள்.

"அந்தாளு கத்தியிருந்தாக்கூட பரவால்லடி மெரெட்டே," என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். "கத்தவே மாட்டேங்கறாரு. 'இப்ப நாம கண்ணாடியப் பாத்தோமா?'ன்னு மெதுவா கேக்கறாரு. அதத்தான் தாங்க முடியல."

எனக்கு ப்ரேபனைத் தெரிந்தது கார் வழியாக அல்ல, ஸ்னைல் வழியாக. ஸ்னைல் என்பது நாங்கள் சிலபேர் சேர்ந்து, வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் எழுதிவந்த கர்னல். கம்ப்யூட்டர் பெட்டிக்கும் அதில் ஓடும் நிரல்களுக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டு, யாருக்கு எப்போது எவ்வளவு என்று பங்கு போடும் அடிமட்ட நிரல் அது. ஸ்னைல் என்றால் எங்கள் மொழியில் நத்தை. இலவங்கப்பட்டை போட்ட சுருள் பன்னுக்கும் அதே பெயர்தான். நாங்கள் மனதில் வைத்தது பன்னை. உலகம் நத்தையை எடுத்துக்கொண்டது.

ப்ரேபன் தன் ஓட்டுநர் பள்ளியில் எழுத்துத் தேர்வுப் பயிற்சிக்காக வைத்திருந்த பழைய பெட்டிகளில் ஸ்னைலைப் போட்டார். ஏதோ தகராறு செய்தது. எங்கள் மின்னஞ்சல் மடற்குழுவுக்கு எழுதினார். எங்கள் குழுவில் ஒருவரை ஒருவர் 'முட்டாள்' என்று சொன்னாலே அது அன்பு என்று கணக்கு. அங்கே போய், "உங்கள் ஓய்வு நேரத்தில் குறுக்கிடுவதற்கு வருந்துகிறேன், ஒருவேளை தவறு என்னுடையதாகவும் இருக்கலாம்" என்று ஆரம்பித்து ஒருவர் எழுதினால்? கோபன்ஹேகனில் ஏதோ பேராசிரியர் என்று நினைத்துப் பயந்து, தவறை ஒரே நாளில் சரிசெய்து கொடுத்தோம். நேரில் பார்த்தபோதுதான் கூரையில் மஞ்சள் பலகை வைத்த சின்ன டொயோட்டாவிலிருந்து இறங்கினார். ஐம்பதைத் தாண்டிய ஆள், ஒல்லி, முழங்கை தேய்ந்த ஸ்வெட்டர். அப்புறம் அவரே நிரல் எழுதப் பழகிக்கொண்டார். மெதுவாக எழுதுவார், கண்ணாடி பார்த்துத்தான் திரும்புவார்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. பக்கத்து ஆள் விசைப்பலகையில் ஏதாவது விவகாரமாகத் தட்டப்போனால், அவருடைய வலது கால் தானாகத் தரையை அமுக்கும். மாணவன் பக்கத்தில் உட்கார்ந்து இருபது வருஷம் இரண்டாவது பிரேக்கை மிதித்த கால். நான் ஒருமுறை தவறான டிஸ்க்கை அழிக்கப்போனபோது அவர் மேஜைக்கு அடியில் உதைத்த உதையில் என் கால் எலும்பே உடைந்துபோனது என்று சொல்லிவந்தேன். உண்மையில் முழங்கால் வீங்கியது, அவ்வளவுதான். எப்படியோ டிஸ்க் பிழைத்தது.

வருஷா வருஷம் அக்டோபரில், பள்ளி விடுமுறை வாரம், லிம்ஃபியோர் கடற்கழியின் கரையில் சாரணர்களின் மரக்குடில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒன்பது பத்துப் பேர் கூடி எழுதுவோம். குடிலுக்குப் பொறுப்பு டாக்னி. பக்கத்தில் பன்றிப்பண்ணை வைத்திருக்கும் அம்மா. மொபெட்டில் வருவாள், மொபெட்டிலேயே உட்கார்ந்து திட்டுவாள், திட்டி முடித்ததும் திரும்பிப் போய்விடுவாள்.

அந்த வருஷம் எல்லாருமே புதிய பெட்டி வாங்கியிருந்தோம். முன்பைவிட இரண்டு மடங்கு வேகம், மூன்று மடங்கு சூடு. ஜெர்மன்காரர் டெட்லெஃப் ஃப்ளென்ஸ்பர்கிலிருந்து தன் வண்டியின் பின்சீட்டு முழுக்க ஒரே ஒரு கம்ப்யூட்டரைக் கட்டி எடுத்துவந்தார். அதை இயக்கினால் ஜன்னல் திரை ஆடும்.

முதல் நாள் காலை எல்லாரும் பெட்டிகளை இயக்கி உட்கார்ந்ததும், ப்ரேபன் சமையலறைக்குப் போய்க் காபி மெஷினின் பொத்தானை அமுக்கினார். டப். விளக்கு போனது, திரைகள் போயின, அத்தனை ஃபேனும் பெருமூச்சு விட்டு நின்றன. அந்த அமைதியில் தோர்கிரிம்மின் குரல் மட்டும் கேட்டது. நார்வேக்காரன், எங்களில் நன்றாகச் சமைப்பவன்.

"ரெண்டு மணி நேரமா கம்பைல் ஆயிட்டிருந்துச்சு. இன்னும் ஒரே ஒரு நிமிஷம்." கம்பைல் என்றால் எழுதிய நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் வேலை; நடுவில் நின்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கூடமும் சமையலறையும் ஒரே ஃபியூஸில். பீங்கானில் செய்த, திருகி மாட்டும் பழைய காலத்து ஃபியூஸ். டாக்னி வந்து புதியதைத் திருகிவிட்டுப் போனாள். மத்தியானம் மறுபடியும் டப். சாயங்காலம் மறுபடியும்.

"ஏம்ப்பா, நீங்கல்லாம் படிச்சவங்கன்னு சொன்னாங்க," என்றாள் மொபெட்டிலிருந்தே. "இன்னொரு தடவ போச்சுன்னா நான் வரமாட்டேன். இருட்டுல ஒக்காந்து கத பேசுங்க."

அடுப்பில் கொதிக்க வைத்திருக்கலாமே என்றால், ஓவன் மட்டும்தான் தனி லைனில் உயிரோடு இருந்தது. மேல்தட்டுகள் நாலும் செத்துப் பல வருஷம். தோர்கிரிம் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து ஓவனுக்குள் தள்ளிக் காபி போட்டுக் கொடுத்தான். முந்தின ராத்திரி சுட்ட மீனின் ருசி அதில் நன்றாகத் தெரிந்தது. ப்ரேபன் ஒரு வாய் குடித்து, யோசித்து, கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"இதுல தப்பு ஒண்ணுமில்ல," என்றார். "ஆனா இத நான் குடிக்கமாட்டேன்."

எங்கள் ஊரில் இரண்டு பேர் கூடினாலே வாக்கெடுப்பு. வைத்தோம். தீர்மானம்: காபி வேண்டியவர் 'காபி!' என்று கத்த வேண்டும். எல்லாரும் சேமித்து, பெட்டியை அணைத்து, கை தூக்க வேண்டும். கடைசிக் கை தூக்கிய பிறகு மெஷினை இயக்கலாம். ஒரு கேத்தல் காபிக்கு முக்கால் மணி நேரம் ஆனது. டெட்லெஃப் கை தூக்கவே மாட்டார். "ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்," என்பார்.

ப்ரேபன் வீட்டில் விழித்த நேரமெல்லாம் காபி குடிக்கிறவர். மறுநாள் காலை அவர் முகம் சாம்பல் நிறமாக இருந்தது. டெட்லெஃபின் பெட்டிக்கு முன்னால் போய் நின்று அதையே பார்த்தார். திரையில் ஒன்றும் ஓடவில்லை. கர்ஸர் மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. ஃபேனோ ஊளையிட்டது.

"இது இப்ப என்ன பண்ணுது?" என்று கேட்டார்.

"ஒண்ணும் பண்ணல. சும்மா இருக்கு."

"சும்மா இருக்கறதுக்கா இவ்ளோ சத்தம்? செவப்பு வெளக்குல நிக்கிற வண்டி, கியர எடுத்துட்டு ஆக்ஸிலரேட்டர அடிவரைக்கும் அமுக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கு."

"முழு வேகத்துக்குத்தான் வாங்கினேன். முழு வேகத்துலதான் ஓடும்."

"நான் உன் கூட ஒரு தடவ ஹாம்பர்க் வரைக்கும் வந்திருக்கேன் டெட்லெஃப். எனக்கு அது தெரியும்."

எல்லாரும் சிரித்தார்கள். ப்ரேபன் சிரிக்கவில்லை. புதிய பிராசசர்களுக்குக் கியர் உண்டு என்பது எங்களுக்குத் தெரிந்ததுதான். வேகத்தைப் படிப்படியாகக் குறைக்கலாம். குறைத்தால் மின்சாரமும் குறையும், சூடும் குறையும். ஆனால் கர்னல் சொன்னால்தான் அது கியர் மாற்றும். ஸ்னைல் அப்படி ஒரு வார்த்தையை அதனிடம் பேசியதே இல்லை. அப்பாவி பிராசசர் எப்போதும் உச்சத்திலேயே ஓடியது.

"நான் எழுதறேன்," என்றார் ப்ரேபன்.

"எதுக்கு?" டெட்லெஃப் நாற்காலியைத் திருப்பினார். "கர்னல்னா சின்னதா இருக்கணும். வேகத்த நிர்ணயிக்கிறது அதோட வேலையில்ல. நாளைக்குக் காபியும் அதுவே போடணும்பியா?"

"அதுக்குத்தான எழுதறேன்."

அன்று முழுக்க எழுதினார். ஒவ்வொரு பிராசசருக்கும் எந்த எந்தப் படியில் ஓடலாம், எந்தப் படிக்கு எவ்வளவு மின்னழுத்தம் என்று ஒரு அட்டவணை பெட்டிக்குள்ளேயே இருக்கும். அதைப் படித்தெடுக்க வேண்டும். படித்தெடுத்தால் என் பெட்டியின் அட்டவணையில் குப்பை இருந்தது. தயாரித்தவர்கள் யாரும் அதைச் சரிபார்த்ததாகத் தெரியவில்லை. "பொறுமை," என்று அட்டவணையிடமே சொன்னார். இறங்கும்போது முதலில் வேகம், பிறகு அழுத்தம். ஏறும்போது முதலில் அழுத்தம், பிறகு வேகம். இதில் வரிசை மாறினால் பெட்டி அப்படியே உறைந்துவிடும். தன் லேப்டாப்பை எத்தனையோ முறை உறைய வைத்தார். ஒவ்வொரு முறையும் கோபமே இல்லாமல், "சரி, மறுபடியும் கிளம்புவோம்," என்று பொத்தானை அமுக்குவார். மாணவன் வண்டியை அணைத்துவிட்டால் சொல்கிற அதே வார்த்தை.

மறுநாள் மத்தியானத்துக்குள் அவர் லேப்டாப் கீழ்ப்படியில் ஓடியது. ஃபேன் நின்றே போனது. எல்லாரும் வந்து காதை வைத்துக் கேட்டுவிட்டுப் போனோம். டெட்லெஃப் மட்டும் வரவில்லை. தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கடலில் குளிக்கக் கிளம்பிவிட்டார். அக்டோபர் தண்ணீரில் குளிப்பது அவருக்கு ஒரு கொள்கை.

அன்றைக்குத் தோர்கிரிம் பன்றித்தொடையை, தோல் மொறுமொறுவென வரும்படி கீறி, உப்புத் தேய்த்து ஓவனில் வைத்தான். ஓவனின் மணி வேலை செய்யாது. "ப்ரேபன், ஒங்க பெட்டிதான் சத்தமே போடாம சும்மா இருக்கே, ரெண்டு மணி நேரத்துல கத்தச் சொல்லுங்க," என்றான். ப்ரேபனும் மகிழ்ச்சியாக அமைத்தார்.

நாங்கள் வேலையில் மூழ்கினோம். குடில் இருந்த பள்ளத்தில் செல்போனுக்குச் சிக்னல் கிடையாது. எல்லாருடைய போனும் பையில் கிடந்தது, திரை முழுக்க நிரல் மட்டும் ஓடிய எங்கள் பெட்டிகளில் கடிகாரமும் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து எனக்குப் பசித்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ரொம்பப் பசித்தது.

"மணி என்ன?" என்றேன்.

ப்ரேபன் தன் திரையைப் பார்த்தார். "ரெண்டே கால். இன்னும் நெறைய நேரம் இருக்கு."

"வெளிய இருட்டிட்டு வர்ற மாதிரி இருக்கே."

"மேகம்," என்றார்.

"ஏதோ கருகுற வாசன," என்றான் தோர்கிரிம்.

"டாக்னி இலை எரிக்கறாங்க போல," என்றார் ப்ரேபன்.

இரண்டரை ஆனபோது கதவு படாரென்று திறந்தது. டாக்னி. முதல்முறையாக மொபெட்டை விட்டு இறங்கியிருந்தாள், கையில் பண்ணையின் தீயணைப்பான். எங்கள் யாரையும் பார்க்காமல் நேராகச் சமையலறைக்குள் போனாள். உஸ்ஸ்ஸ் என்று நீளமாக ஒரு சத்தம். திரும்பி வந்தபோது நரைமுடியெல்லாம் வெள்ளைத் தூள்.

"என் வீட்டு ஜன்னல்லேந்து புகை தெரியுது! உள்ள ஒக்காந்திருக்கற ஒங்க மூக்குல என்ன பஞ்சா?"

"இன்னும் நேரம் ஆகல டாக்னி," என்றார் ப்ரேபன் பணிவாக. "மணி ரெண்டரைதான்."

"ரெண்டரையா? அஞ்சரை ஆகுதுப்பா! நான் பன்றிகளுக்கு சாயங்காலத் தீனியே போட்டாச்சு!"

ப்ரேபன் அவளைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். பிறகு அவருடைய கால் தரையை ஓங்கி மிதித்தது.

ஸ்னைல் நேரத்தை எப்படிக் கணக்கிட்டது தெரியுமா? பிராசசரின் துடிப்பை எண்ணி. இத்தனை துடிப்புக்கு ஒரு நொடி என்று கிளம்பும்போதே அளந்து வைத்துக்கொள்ளும். அப்புறம் மறுபரிசீலனையே கிடையாது. அதுவரை வேகம் மாறியதே இல்லை என்பதால் யாருக்கும் அது தவறாகப் படவில்லை. ப்ரேபன் துடிப்பைப் பத்தில் மூன்றாகக் குறைத்தார். அவர் பெட்டிக்குள் நேரமும் அதே கதியில் நொண்டியது. வெளியே ஒரு மணி நேரம் போனால் அங்கே பதினெட்டு நிமிஷம்தான் ஆகியிருக்க, ஓவன் மட்டும் வெளியுலகக் கணக்கில் சுட்டுக்கொண்டிருந்தது.

டெட்லெஃப் அப்போதுதான் ஈரத்தலையோடு வந்தார். அவர் மணிக்கட்டில் நல்ல கைக்கடிகாரம் இருந்தது. கரியாகிப்போன பன்றித்தொடையைப் பார்த்தார், தூளைப் பார்த்தார், விஷயத்தைக் கேட்டார். மூலையில் போய் உட்கார்ந்து, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"நல்லா சிரி," என்றார் ப்ரேபன்.

"இல்லப்பா. வண்டிய மெதுவா ஓட்டினா ஊரு தள்ளிப்போகும்னு தெரியும். நாளே தள்ளிப்போகும்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

டாக்னி திட்டிவிட்டுப் போனவள், ஒரு பெரிய ரை ரொட்டியும் ஈரல் மசியலும் ஒரு ஜாடி பீட்ரூட் ஊறுகாயும் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு, மறுபடியும் திட்டிவிட்டுப் போனாள்.

கடிகாரத் தவறு அசிங்கமானதே ஒழியச் சிக்கலானதல்ல. தாய்ப்பலகையில், அதாவது மதர்போர்டில், வேகம் மாறாத இன்னொரு கடிகாரம் உண்டு. நேரத்தை அதனிடம் கேட்கும்படி மாற்ற நானும் உதவினேன். காலையில் எல்லாருடைய பெட்டியிலும் ப்ரேபனின் நிரலை ஏற்றினோம், டெட்லெஃபுடையதைத் தவிர. சும்மா இருந்தால் கீழ்ப்படி, வேலை வந்தால் மேல்படி. குடில் அமைதியானது. ப்ரேபன் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு சமையலறைக்குப் போய்ப் பொத்தானை அமுக்கினார். மெஷின் கொரகொரவென்றது. முதல் சொட்டு விழுந்தது. நாங்கள் கைதட்டினோம்.

அந்த நேரம் பார்த்துத் தோர்கிரிம் கம்பைலைத் தொடங்கினான். நானும் தொடங்கியிருந்தேன். இன்னும் நாலு பேரும். எல்லாப் பெட்டியும் ஒரே மூச்சில் மேல்படிக்குப் பாய்ந்தது.

டப்.

சமையலறையிலிருந்து ப்ரேபன் வந்தார். கையில் கேத்தல், அடியில் ஒரு விரல் உயரத்துக்குக் காபி. அதை ஒரு கோப்பையில் ஊற்றி, நின்றபடியே குடித்தார். நான் அவரைப் பார்த்து முதல் தடவையாகப் பரிதாபப்பட்டேன்.

டெட்லெஃப் சும்மா இருப்பாரா? "அப்ப எல்லாருக்கும் ஒரு வேகக்கட்டுப்பாடு போர்டு வெச்சுடு! நீ தான் டிரைவிங் வாத்தியாராச்சே. 'இங்கே காபி போடப்படுகிறது, மெதுவாகச் செல்லவும்'னு எழுதி மாட்டு!"

கிண்டலாகத்தான் சொன்னார். ப்ரேபன் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே அவரைப் பார்த்தார்.

"அது நல்ல யோசன," என்றார். டெட்லெஃபுக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

டாக்னி வரமாட்டேன் என்று சொல்லியிருந்தாலும் வந்தாள். இந்த முறை திட்டக்கூட இல்லை, ஒரு பெட்டி நிறைய ஃபியூஸை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். ப்ரேபன் சாயங்காலத்துக்குள் எழுதி முடித்தார்: பூஜ்யத்திலிருந்து நூறுவரை ஓர் எண். எவ்வளவு வேலை வந்தாலும் அந்த எண்ணைத் தாண்டி வேகம் போகாது. அவ்வளவுதான். அந்த எண்ணைக் குடிலில் உள்ள எல்லாப் பெட்டிக்கும் ஒரே நேரத்தில் அனுப்ப நான் ஒரு குட்டி நிரல் எழுதினேன். அதற்கு 'காபி' என்று பெயர்.

ப்ரேபன் 'காபி' என்று தட்டினார். பெட்டிகள் ஒவ்வொன்றாக அடங்கின. கம்பைல்கள் நிற்கவில்லை, நடக்க ஆரம்பித்தன. அவர் பொத்தானை அமுக்கினார். நாங்கள் எல்லாரும் விளக்கையே பார்த்தோம். விளக்கு ஒருமுறை மங்கி, நிமிர்ந்து நின்றது. டெட்லெஃபின் பெட்டி மட்டும் தனியாக ஊளையிட்டுக்கொண்டிருந்தது. அதையும் சேர்த்து ஃபியூஸ் தாங்கிவிட்டது. கேத்தல் விளிம்புவரை நிரம்பியது.

முதல் கோப்பையை ப்ரேபன் டெட்லெஃபுக்குக் கொடுத்தார். "மெதுவா போட்ட காபி. ஒனக்குப் புடிக்குமோ என்னமோ."

டெட்லெஃப் மூன்று கோப்பை குடித்தார்.

ஆனால் நிரலை ஏற்றுக்கொள்ள மட்டும் விடவில்லை. நவம்பர் முழுக்க மடற்குழுவில் சண்டை. அந்த எண் நூறில் இருக்க வேண்டுமா, ஆயிரத்திலா. அதற்கு என்ன பெயர். வேகம் என்று சொல்லலாமா, செயல்திறன் என்று சொல்லலாமா. யாரோ ஒருவர் வரி விளிம்பில் விட்ட இடைவெளி தவறு என்று மூன்று பக்கம் எழுதினார். ப்ரேபன் ஒவ்வொருவருக்கும், "கவனித்துச் சொன்னதற்கு நன்றி," என்று பதில் போட்டார். போடில் சொன்னது சரி. கத்தியிருந்தால் பரவாயில்லை. கடைசியில் எதிர்த்தவர்கள் எல்லாம் அந்த மரியாதை தாங்காமலேயே ஓய்ந்துபோனார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் நிரல் உள்ளே போனது.

பிறகு வந்த கடிதங்கள் தனிக்கதை. லிஸ்பனிலிருந்து ஒருவர், ஃபேன் சத்தமே இல்லாததால் லேப்டாப் செத்துவிட்டது என்று கடைக்குத் தூக்கிப் போய்விட்டாராம். ஒரு பெண், தன் மடியில் இப்போது சூடே இல்லை, குளிர்காலத்துக்குப் பழைய மாதிரி ஆக்கித்தர முடியுமா என்று கேட்டாள். ப்ரேபன் அவளுக்கு எண்ணை நூறில் வைக்கும் முறையைப் பொறுமையாக விளக்கி, கம்பளி ஒன்றும் பரிந்துரைத்தார்.

மார்ச் மாதம் டெட்லெஃபிடமிருந்து ஒரு நிரல் திருத்தம் வந்தது. அவர் புதிதாக வாங்கிய லேப்டாப்பின் பிராசசருக்கும் வேகக்குறைப்பு வேலை செய்யும்படி எழுதியிருந்தார். 'சிறு பிழை நீக்கம்' என்று மட்டும் தலைப்பு. நான் அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"என்ன டெட்லெஃப், முழு வேகத்துக்குத்தானே வாங்குனீங்க?"

"ரயில்ல பாட்டரி மூணு மணி நேரம் வருது," என்றார். உடனே, "அந்த ஆள்கிட்ட சொல்லாத."

சொன்னேன். அன்றே சொன்னேன். ப்ரேபன் அந்தத் திருத்தத்தை வரிவரியாகப் படித்துவிட்டு, இரண்டு இடத்தில் ஏறும் வரிசை தவறு என்று குறித்து, "கவனமாக எழுதியதற்கு நன்றி," என்று அனுப்பினார்.

அடுத்த அக்டோபரில் நாங்கள் குடிலுக்குப் போனபோது டாக்னி வாசலில் நின்று கொண்டிருந்தாள், மொபெட் இல்லாமல். முகத்தில் பெருமை. சுவரில் பீங்கான் ஃபியூஸ்கள் இல்லை. புத்தம் புதுப் பலகை, வரிசையாகச் சுவிட்சுகள். சமையலறைக்குத் தனி லைன்.

"நீங்க பட்ட கஷ்டத்தப் பாத்துட்டு சாரணர் சங்கத்துல சண்ட போட்டு வாங்கிட்டேன்," என்றாள். "இனிமே எத்தன மெஷின் வேணும்னாலும் போட்டுக்கலாம். காபியும் போடுங்க, கம்ப்யூட்டரும் போடுங்க."

எல்லாரும் ப்ரேபனைப் பார்த்தோம். அவர் அந்தப் பலகையின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். ஒரு சுவிட்சைத் தொட்டுப் பார்த்தார்.

"ரொம்ப நன்றி டாக்னி," என்றார். அவள் போகும்வரை காத்திருந்து என் பக்கம் திரும்பினார். "அவங்கள யாரு கேட்டா?"

அந்த வாரம் முழுக்க, ஒவ்வொரு முறை மெஷினை இயக்கும் முன்பும், அவர் தன் லேப்டாப்பில் 'காபி' என்று தட்டி எங்கள் அத்தனை பெட்டியையும் அடக்கினார். கம்பைல் பாதியில் நொண்டும். தோர்கிரிம் தலையில் அடித்துக்கொள்வான். தேவையே இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். நிறுத்தச் சொல்லி வாக்கெடுப்பு வைக்கலாம் என்று நான் மெதுவாக ஆரம்பித்தேன்.

"விட்டுடு," என்றார் டெட்லெஃப், தன் கோப்பையை நீட்டிக்கொண்டே. "அந்த ஆளு குடிச்சு முடிக்கட்டும்."